உடல் வேகம் குறையும் வயதில் ஓய்வும் பயணமும்: எப்போது, எப்படி முடிவெடுப்பது?

"இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாக ஊர் சுற்றலாம்." ஓய்வை நெருங்குகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. சேமிப்பு கொஞ்சம் கூடும், மனதுக்கும் தைரியமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு வருஷம் ஆயுளின் கடைசிப் பகுதியிலிருந்து கழிவதில்லை. நன்றாக நடக்கவும், ஏறவும், பெட்டியைத் தூக்கவும் முடிகிற வருஷங்களிலிருந்து கழிகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019ஆம் ஆண்டு உலகச் சராசரி ஆயுள் 73 ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருந்தது. ஆரோக்கியமாக வாழும் ஆண்டுகளின் சராசரி 63.5. இவை பிறப்பிலிருந்து போடப்படும் கணக்குகள்; 60 வயதை எட்டியவருக்கு இரண்டுமே இதைவிட அதிகம். ஆனாலும் ஆயுளுக்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி எல்லோருக்கும் இருக்கிறது. ஓய்வுத் திட்டம் போடும்போது நாம் ஆயுளை மட்டும் பார்த்துப் பணத்தைக் கணக்கிடுகிறோம். பயணம் முக்கியம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியை.

அதனால் இந்த வழிகாட்டி பணத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் உடல், பிறகு பயணங்கள், அதன் பிறகுதான் பணமும் வேலையும்.

முதல் படி: உடலை அளந்து பாருங்கள்

வயதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 70இல் மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். 58இல் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் உடல் இப்போது எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் சில எளிய சோதனைகள் இதற்கு உதவும்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோலில் 60–64 வயது ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. 65–69 வயதில் அது 12, 11. 70–74 வயதில் 12, 10. அளவு குறைந்தால் கால் தசை பலவீனமாக இருக்கிறது, கீழே விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள்.

அடுத்தது, சுவர் கையெட்டும் தூரத்தில் இருக்க, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. 2022இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வு, 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை இந்தச் சோதனைக்கு உட்படுத்தியது. சுமார் ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. பிந்தைய ஆண்டுகளில் அவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. நிற்க முடியாததே மரணத்துக்குக் காரணம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உடலின் பொதுவான நிலையை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, நடை வேகம். 10 மீட்டர் தூரத்தை உங்கள் வழக்கமான நடையில் கடக்க எத்தனை விநாடி ஆகிறது? பல நகரங்களில் பாதசாரிகளுக்கான சிக்னல், விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் வேகத்தை மனதில் வைத்து அமைக்கப்படுகிறது. அதாவது 10 மீட்டருக்கு எட்டு விநாடிக்குச் சற்று மேல். 12.5 விநாடிக்கு மேல் ஆனால், விநாடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைவாக நடக்கிறீர்கள். தசை இழப்பைக் கண்டறிய மருத்துவர்கள் கவனிக்கும் அளவு அது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது வேறொரு சோதனையை. தொடர்ந்து இரண்டு நாள், நாளைக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் நடங்கள். மூன்றாம் நாள் காலை எழுந்ததும் உடல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பயணத்தில் ஒரு நாள் சமாளிப்பது பெரிய விஷயமில்லை. நேற்றைய களைப்பு தீராமல் இன்றைக்கும் கிளம்ப வேண்டியிருப்பதுதான் சிரமம். வயது ஏறும்போது முதலில் குறைவது வேகம் என்று நினைக்கிறோம். பலருக்கு அதற்கு முன்பே களைப்பிலிருந்து மீளும் திறன் குறைந்துவிடுகிறது.

முடிவுகள் மோசமாக வந்தால் சோர்ந்து போகாதீர்கள். உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சரிவு மெதுவாக இருக்கிறது. தசையின் கதை இன்னும் நம்பிக்கை தருவது. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய சிலர் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். அவர்களின் கால் தசை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய குழுதான், ஆனால் தசைக்கு இனிமேல் பயன் இல்லை என்று சொல்லும் வயது எதுவும் இல்லை என்பதை அது காட்டியது. ஆகவே இன்று வந்த எண்ணை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், ஆறு மாதம் பயிற்சி செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது "பயணம் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "3,500 மீட்டர் உயரத்தில் இரண்டு இரவு தங்கலாமா?", "12 மணி நேர விமானப் பயணம் எனக்குச் சரிப்படுமா?", "இந்த மூட்டு இன்னும் எத்தனை வருஷம் இப்படியே ஓடும்?" என்று கேளுங்கள். முழங்கால் மாற்று அறுவை தேவைப்படும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். முழுமையாகத் தேற ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம். ஓய்வின் முதல் வருஷம், உங்களுடைய நல்ல வருஷம், அதிலேயே போய்விடும். செயற்கை மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயத்துக்கும் இப்போது இடம் குறைவு: 2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன.

இரண்டாம் படி: பயணங்களை ஆசைப்படி வரிசைப்படுத்தாதீர்கள்

போக விரும்பும் இடங்களை எல்லோரும் ஆசையின் வரிசையில் எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலை எழுதிவிட்டு, உடல் எவ்வளவு உழைக்க வேண்டும் என்ற வரிசையில் மறுபடி எழுதுங்கள். முடிவெடுப்பதில் பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

உயரம் முதல் விஷயம். திபெத்தின் லாசா சுமார் 3,650 மீட்டர், பெருவின் கூஸ்கோ சுமார் 3,400 மீட்டர். கூஸ்கோவில் விமானத்தில் நேராகப் போய் இறங்குகிறவர்களுக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் வருவது சாதாரணம். பலர் கூஸ்கோ வழியாகப் பார்க்கப் போகும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 மீட்டர்தான். அதனால் முதல் இரவுகளைத் தாழ்வான பள்ளத்தாக்கில் கழித்துவிட்டுப் பிறகு கூஸ்கோவுக்கு ஏறுகிறவர்கள் குறைவாகச் சிரமப்படுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் இத்தகைய பயணத்தைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட வாய்ப்பு சுருங்கிக்கொண்டே வரும்.

அடுத்து படிகள். வெனிஸ் சமதளமான ஊர் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. அங்கே 400க்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கப் படிகள். பெட்டியோடு நாலு பாலம் கடந்தவருக்குத்தான் அது புரியும். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாட உச்சிக்கு 551 படிகள். லிஃப்டில் போனாலும் 320 மிச்சமிருக்கும். அதுவும் குறுகலான, சாய்ந்த பாதை. அண்டார்டிகாவுக்குக் கப்பலில் உட்கார்ந்தபடியே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் கரையிறங்க, ஆடிக்கொண்டிருக்கும் ரப்பர் படகில் கால் வைத்து ஏறி இறங்க வேண்டும்.

காத்திருக்கக்கூடிய பயணங்களும் நிறைய இருக்கின்றன: அருங்காட்சியகங்கள், ஆற்றுக் கப்பல் பயணம், ரயில் பயணங்கள், ஒரே ஊரில் ஒரு மாதம் தங்குவது. இவற்றை 75இலும் ரசிக்கலாம். எனவே மலையேற்றம், நீண்ட நடை, உயரமான இடங்கள், கரடுமுரடான சாலைகள் முதலில். வசதியான நகரங்கள் பிறகு. பட்டியலில் உங்கள் மனதுக்கு மிகவும் பிடித்தது வசதியான நகரமாக இருக்கலாம். பரவாயில்லை, அது இடம் மாறிப் போய்விடாது.

கடினமான பயணம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இதில் எனக்கு உண்மையாக வேண்டியது என்ன? இமயத்தின் உச்சியைப் பார்க்க வேண்டுமா, அல்லது அதன் மேல் நடந்தே ஆக வேண்டுமா? பார்ப்பது போதும் என்றால் நேபாளத்தின் நாகர்கோட் போன்ற இடங்களுக்கு வண்டியிலேயே போகலாம்; உயரமும் சுமார் 2,200 மீட்டர்தான். ஸ்பெயினின் சாந்தியாகோ பாதயாத்திரையில் பிரெஞ்சு வழி முழுவதும் சுமார் 780 கிலோமீட்டர். ஆனால் கடைசி 100 கிலோமீட்டரை நடந்தாலே யாத்திரைச் சான்றிதழ் தருகிறார்கள். பையை அடுத்த தங்குமிடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் சேவையும் உண்டு. நடக்க வேண்டும் என்பதே ஆசையென்றால் அந்த ஆசைக்குச் சின்ன வடிவம் இருக்கிறது. சின்ன வடிவம் எதற்கெல்லாம் இல்லையோ, உங்கள் ஓய்வுத் தேதியை அந்தப் பயணங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாம் படி: பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஓய்வுக்கால நிதி பற்றிப் பேசும்போது "4 சதவீதம்" என்ற எண் அடிபடும். 1994இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் அந்நாட்டுச் சந்தையின் பழைய விவரங்களை வைத்துக் கண்டது அது: முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகள் பணம் தாங்கியது. வேறு நாட்டில், வேறு சந்தையில் அதை அப்படியே நம்ப முடியாது. இன்னொன்று, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவு செலவு என்று அது வைத்துக்கொள்கிறது. பயணத்துக்காக ஓய்வு பெறுகிறவரின் செலவு அப்படி இருக்காது. முதல் எட்டுப் பத்து வருஷம் அதிகம், பிறகு குறையும், கடைசியில் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் மறுபடி ஏறலாம். 2014இல் டேவிட் பிளான்செட் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் குடும்பங்களின் செலவைப் பார்த்து, ஓய்வுக்காலத்தின் நடுப்பகுதியில் விலைவாசி உயர்வைக் கழித்த செலவு இறங்கிக் கடைசியில் ஏறும் இந்தப் போக்கைத்தான் காட்டினார்.

எனவே மூன்று பிரிவுகள். வீட்டில் இருந்தாலும் ஆகும் அன்றாடச் செலவுக்கு ஒன்று. முதுமையின் கடைசிக் கட்டப் பராமரிப்புக்கு ஒன்று. இதைப் பயணத்துக்காகத் தொடவே கூடாது. மூன்றாவது பயண நிதி. அன்றாடச் செலவும் பராமரிப்பும் உறுதியாகிவிட்டால், "போதுமான அளவு சேர்ந்துவிட்டதா?" என்ற முடிவில்லாத கவலை, "பயண நிதியில் எத்தனை பயணம் இருக்கிறது?" என்ற எண்ணக்கூடிய கேள்வியாகச் சுருங்கிவிடும்.

ஓய்வு பெற்ற முதல் சில வருஷங்களில் சந்தை விழுந்தால் பாதிப்பு மிக அதிகம், ஏனென்றால் விழுந்த விலையில் முதலீட்டை விற்றுச் சாப்பிட வேண்டியிருக்கும். அதனால் முதல் மூன்று நான்கு வருஷத்துப் பயணப் பணத்தைப் பங்குச் சந்தையில் வைக்க வேண்டாம். அதோடு, வேலையோடு சேர்ந்து வந்த மருத்துவக் காப்பீடு எந்த நாளில் முடிகிறது, அடுத்தது எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள். இடையில் காலி மாதங்கள் இருந்தால் ஓய்வுத் தேதியை அதற்கேற்ப நகர்த்துவது நியாயமான காரணம்.

நான்காம் படி: வேலையை முழுதாக விட வேண்டுமா?

சம்பளமில்லா நீண்ட விடுப்பு, வாரம் மூன்று நாள் வேலை, வருஷத்தில் சில மாதம் மட்டும் ஒப்பந்த வேலை என்று நடுவழிகள் இருக்கின்றன. கேட்காமலேயே "எங்கள் இடத்தில் இதெல்லாம் நடக்காது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அனுபவசாலியை முழுதாக இழப்பதைவிடப் பாதியாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள்.

வேலை பிடித்திருந்து, வருஷத்துக்கு இரண்டு மாதம் தொடர்ச்சியாக விடுப்பு கிடைக்குமென்றால், பயணத்துக்காக மட்டும் ஓய்வு பெற வேண்டாம் என்பேன். ஆர்வமாகப் பயணிக்கிறவர்கள்கூட வருஷத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் இருக்கிறார்கள். மிச்ச மாதங்களில் காலை எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் வேலையை விட்டால், அடுத்த பயணம் எப்போது என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கையாகிவிடும். மாறாக, வேலையே உடலைத் தேய்க்கிறது, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது, நடக்கக்கூட நேரம் விடவில்லை என்றால், அந்த வேலை பயணத்துக்கான உடலையும் சேர்த்தே தின்றுகொண்டிருக்கிறது. அப்போது பணம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் விடுவதே சரி.

ஐந்தாம் படி: கூட வருகிறவர்

கணவனும் மனைவியும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. இருவரில் மெதுவானவரின் வேகம்தான் பயணத்தின் வேகம். இதை ஏற்றுக்கொள்ளாத தம்பதிகள் பாதி வழியில் ஒருவரை ஒருவர் நொந்துகொள்கிறார்கள். இருவரும் தனித்தனியாகப் பட்டியல் எழுதுங்கள். ஒருவர் எழுதும்போது மற்றவர் பார்க்க வேண்டாம். அப்புறம் ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள்ளவை முதலில். ஒன்றில் மட்டும் உள்ள கடினமான பயணத்துக்கு ஒருவர் மட்டும் நண்பர்களோடோ குழுவோடோ போய் வருவதில் தவறேதும் இல்லை.

வயதான பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு இருப்பவர்களுக்கு இந்தப் படிதான் மிகக் கடினம். அவர்கள் பயணத்தை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள், பொறுப்பு முடியும்போது தங்கள் நல்ல வருஷங்களும் முடிந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்து, விரைவில் திரும்ப முடிகிற தூரத்துக்கு, பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டில் போய் வாருங்கள். உடன்பிறந்தவர்களிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம். அது சலுகை கேட்பதாகாது, பொறுப்பைப் பகிரச் சொல்வது.

ஆறாம் படி: முடிவுக்கு முன் ஒரு ஒத்திகை

மூன்று நான்கு வாரம் விடுப்பு எடுத்து, ஓய்வுக்காலத்தில் எப்படிப் பயணிக்க நினைக்கிறீர்களோ அப்படியே பயணியுங்கள். அதே பட்ஜெட், அதே வகைத் தங்குமிடம், அதே துணை. இரண்டாவது வாரத்தின் முடிவில் வீடு தேடுகிறதா, தூக்கம் எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் தேவைப்பட்டது என்று தினமும் இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மூன்று வாரமே அதிகம் என்று தெரியவரும். அப்படித் தெரிந்தால் ஓய்வுக்கான அவசரமே குறைந்துவிடலாம். அதுவும் நல்ல பதில்தான்.

ஏழாம் படி: தள்ளிப்போடக் கூடாத ஏற்பாடுகள்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இதற்கு நல்ல உதாரணம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குள் நுழைய இதன் சான்றிதழ் வேண்டும். 60 வயதுக்கு மேல் முதல்முறை போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுகிறது. 2016 முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் 60க்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் வயது வரம்பு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விதி, அவசர காலத்தில் நோயாளியை நாடு கொண்டுவந்து சேர்க்கும் செலவு, இந்த மூன்றையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கோரிக்கை மறுக்கப்படும். சொந்த நாட்டின் அரசுக் காப்பீடு வெளியே உதவும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மெடிகேர் கூடப் பெரும்பாலும் அந்நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். ஐரோப்பாவில் நீண்ட நாள் தங்க நினைப்பவர்கள் அங்கே பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதியையும் கணக்கில் எடுங்கள்: குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், வேதிப்பெயர் எழுதிய சீட்டோடு. இன்சுலின் சரக்கு அறையில் உறைந்து கெட்டுவிடலாம். சாதாரணச் சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு நாட்டின் பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: வழியில் கடைப்பிடிக்க வேண்டிய வேகம்

நான்கு மணி நேரத்துக்கு மேலான பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மந்தமாகிவிடும். தாகத்துக்குக் காத்திராமல் நேரம் வைத்துத் தண்ணீர் குடியுங்கள். 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதனால் புது ஊரில் இருட்டிய பிறகு போய் இறங்காதீர்கள், தெரியாத சாலையில் இரவில் வண்டி ஓட்டாதீர்கள்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்கக் கூச்சம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டப்படி இலவச உரிமை; 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே மிச்சமாகும் நடையை ஊருக்குள் நடக்கலாம். ஒரே இடத்தில் குறைந்தது மூன்று நான்கு இரவு தங்குங்கள். பார்க்க வேண்டியதைக் காலையிலேயே முடித்து, பிற்பகலைக் காலியாக விடுங்கள். நேர மண்டலம் மாறினால் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் உடல் கேட்கும். கிழக்கு நோக்கிப் போகும்போது கொஞ்சம் கூடவே கேட்கும்.

ஒன்பதாம் படி: தேதியைக் குறிப்பது

இப்போது கையில் இருப்பவை: உடல் அளவுகள், சின்ன வடிவம் இல்லாத பயணங்களின் பட்டியல், மூன்று நிதிகள், ஒத்திகையின் குறிப்புகள். சின்ன வடிவம் இல்லாத பயணங்களை வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வையுங்கள். அவை நீண்ட விடுப்பில் அடங்கினால் வேலையை விட அவசரம் இல்லை. அடங்காவிட்டால், அன்றாடச் செலவும் பராமரிப்பு நிதியும் உறுதியாகும் நாளே ஓய்வு நாள். பயண நிதி முழுதாக நிரம்பக் காத்திருக்க வேண்டாம். அதில் குறைந்தால் பயணத்தின் நீளத்தைக் குறைக்கலாம். போன ஆண்டுகளை எதாலும் கூட்ட முடியாது.

வருஷம் ஒருமுறை, ஒரே மாதத்தில், நாற்காலி, ஒற்றைக் கால், நடை மூன்றையும் மறுபடி அளந்து பட்டியலைத் திருத்துங்கள். ஒரே வருஷத்தில் இரண்டு முறை கீழே விழுந்தாலோ, தெரிந்த இடத்தில் வழி குழம்பினாலோ, அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அதற்குப் பிறகும் போகலாம். ஆனால் தனியாக வேண்டாம், நல்ல மருத்துவமனை இருக்கும் ஊராகப் பாருங்கள், இடையில் மாறாத நேர் விமானமாக எடுங்கள், தேதியை மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாக வாங்குங்கள்.